கொக்கு எங்கே கால் வைக்கிறது?

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை. மண்சரிவில் வீடு வாசலையும் தோட்டத்து மரக்கறிப் பாத்திகளையும் இழந்து புதிய குடியிருப்புகளுக்கு வந்திருக்கும் சில குடும்பங்களோடு, பூனாகலைப் பக்கத்திலிருந்து நாம் பஸ்ஸில் புறப்பட்டோம். கொஸ்லாந்தை, தியலும, வெல்லவாய, தணமல்வில, லுணுகம்வெஹெர, வீரவில என்று இறங்கிக்கொண்டே போகும் பாதை அது. குளிருக்குப் போர்த்தியிருந்த கம்பளிகள் வெல்லவாயவில் மடிக்கப்பட்டன. தணமல்விலவில் எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள்.

நாம் போன இடம் அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள புந்தல தேசியப் பூங்கா. பிள்ளைகளுக்கு யானை பார்க்க ஆசை. பெரியவர்களுக்குக் கடல் பார்க்க ஆசை. பறவை பார்க்கப் போகிறோம் என்று நாம் சொன்னபோது ஒருவரும் பெரிதாக உற்சாகப்படவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

களப்பின் கரைக்கு வந்ததும் அந்த மனநிலை மாறியது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தண்ணீர். ஆனால் பறவைகள் எல்லாம் ஒரு பக்கத்து ஓரத்தில், சேறு தெரியும் ஒரு பட்டியில் மட்டும் மொய்த்துக் கிடந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. எதிர்க் கரையிலும் ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் மலையில் நின்று கொழுந்து எடுத்த அம்மா ஒருவர் எம் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“என்னாங்க சாமி, இம்புட்டுத் தண்ணி கெடக்குது. எல்லாம் அந்த ஓரத்துலயே மொய்க்குதுங்களே, ஏன்?”

எம்மிடம் பதில் இருக்கவில்லை. எம்மோடு வந்த வனசீவராசிகள் திணைக்கள ஊழியர் பேசாமல் குனிந்து, முதலில் தமது கணுக்காலைத் தொட்டுக் காட்டினார், பிறகு முழங்காலை, பிறகு தொடையை. அதற்குப் பின் பறவைகளைச் சுட்டினார். கரைக்கு மிக அருகில் விரலளவு உடம்புள்ள சின்ன உள்ளான்கள். அதற்கு அப்பால் சிவந்த நீண்ட கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள். அதற்கும் அப்பால் வெள்ளைக் கொக்குகள், மஞ்சள் மூக்கு நாரைகள். கடைசியில் ஒரு சாம்பல் நாரை தனியே நின்றது. உயரப்படி வரிசையில் நிறுத்திய பாடசாலைப் பிள்ளைகள் போல.

அந்த அம்மாவின் கேள்விக்கு முழுமையான பதிலைத் தேடி, வீடு திரும்பிய பின் நாம் கொஞ்சம் படித்தோம், விடயம் தெரிந்த சிலரிடம் கேட்டோம். அதை இங்கே பகிர்ந்துகொள்ளக் காரணம் உண்டு. இடம்பெயர்ந்து வந்து, “எந்த இடத்தில் வாழ்வது” என்ற கேள்வியோடு இருப்பவர்கள் நீங்கள். பறவையும் தினமும் காலையில் அதே கேள்வியோடுதான் எழும்புகிறது.

காலும் அலகும்

நீரில் நடந்து இரை தேடும் பறவைகளில் பெரும்பாலானவை நீந்துவதில்லை. ஆகையினால் அவற்றின் காலின் நீளமே அவற்றின் எல்லை. சின்ன உள்ளானுக்கு ஓர் அங்குலம் நீர் போதும். கொஞ்சம் கூடினாலே அதற்கு அந்த இடம் இல்லாமற் போய்விடும். நெடுங்கால் உள்ளான் சில அங்குலம் வரை இறங்கும். கொக்கும் நாரையும் இன்னும் சற்று ஆழத்திற்குப் போகும். எப்படிப் பார்த்தாலும், ஓரடிக்குக் குறைவான நீரில்தான் இந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி வயிறு வளர்க்கிறது. பத்து ஏக்கர் களப்பாக இருந்தாலும், அவற்றுக்குப் பயன்படும் பரப்பு ஓரத்திலுள்ள அரை ஏக்கராக இருக்கலாம். நீர் அரை அடி ஏறினால் அந்த அரை ஏக்கரும் போய்விடும். அரை அடி இறங்கினால் அது இரண்டு ஏக்கராக விரியலாம்.

எமது கண்ணுக்குக் களப்பு என்பது தண்ணீர். பறவைக்கு அது அங்குலக் கணக்கு.

அடுத்தது சேறு. உள்ளானின் அலகு நுனியில் மிக நுண்ணிய உணர்வுக் குழிகள் இருக்கின்றன. சேற்றுக்குள் அலகைக் குத்தி, கண்ணால் பார்க்காத புழுவையும் பூச்சிக் குடம்பியையும் அது தொட்டே அறிகிறது. சேறு காய்ந்து இறுகிவிட்டால் அலகு இறங்காது. உள்ளே எத்தனை புழு இருந்தாலும் பயனில்லை. எனவே அதற்கு வேண்டியது நனைந்த, மெதுவான மண். கொக்கும் மடையானும் அப்படியல்ல, அவை கண்ணால் வேட்டையாடுபவை. நீர் தெளிவாக இருக்க வேண்டும், அலை இருக்கக் கூடாது. சின்ன வெள்ளைக் கொக்கு மஞ்சள் விரல்களால் சேற்றைக் கிளறி, பதுங்கிய மீனைக் கிளப்பிவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் மூக்கு நாரையோ அலகைப் பாதி திறந்தபடி கலங்கல் நீருக்குள் வைத்துத் துழாவுகிறது. மீன் அலகில் பட்டதும் கண் இமைப்பதைவிட விரைவாக அலகு மூடிக்கொள்கிறது. அதற்குத் தெளிந்த நீர் தேவையில்லை. ஆனால் குறைந்த நீரில் நிறைய மீன் நெருங்கி இருக்க வேண்டும். குளம் வற்றி மீன்கள் ஒரு குட்டையில் ஒடுங்கும் காலம்தான் அதற்கு விருந்து. நத்தைகுத்தி நாரைக்குக் குளத்து நத்தை. மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும் அதன் அலகு அதற்கென்றே அமைந்தது.

பாதுகாப்பும் ஒரு கணக்கு. திறந்த வெளியில் நிற்கும் உள்ளான் தூரத்திலேயே பருந்தைக் கண்டுகொள்ளும். கரையில் சம்பும் கோரையும் ஆளுயரம் வளர்ந்துவிட்டால், அதற்குள் நரியோ நாயோ பதுங்கலாம் என்பது அதற்குத் தெரியும். நீரின் ஆழம் சரியாக இருந்தாலும் அது இறங்காது. இன்னொன்று: வானத்தில் பறக்கும் பறவை, கீழே நிற்பவற்றைப் பார்த்தும் இடத்தைத் தெரிவு செய்கிறது. நாலு வெள்ளைக் கொக்கு நிற்கும் இடத்தில் ஐந்தாவது இறங்கும். இதைச் சோதிக்க ஆய்வாளர்கள் வெள்ளைப் பொம்மைகளை நீரில் நட்டு வைத்தும் பார்த்திருக்கிறார்கள். உண்மையான பறவைகள் வந்து பக்கத்தில் இறங்கின.

கொக்கின் பொறுமையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். ஒற்றைக் காலில் நின்று காத்திருப்பதை ஒரு தவம் போலச் சொல்லித் தந்தார்கள். எமது அபிப்பிராயத்தில் அது பாதிக் கதைதான். இரை அகப்படாத இடத்தில் கொக்கு நெடுநேரம் நிற்பதில்லை. கொஞ்சம் பார்க்கும், பிறகு எழுந்து அடுத்த இடத்திற்குப் போகும். அதன் பொறுமைக்கு முன்னால் இருப்பது அதன் இடத் தெரிவு. வரண்ட இடத்தில் பொறுமையாக இருக்கும்படி கொக்குக்கு எவரும் புத்தி சொல்வதில்லை. அந்தப் புத்தி எமக்கு மட்டும்தான் சொல்லப்படுகிறது.

மலையில் பெய்த மழை

புந்தலவில் நாம் பார்த்த நீர் எங்கிருந்து வந்தது என்று பஸ்ஸில் ஒரு பையன் கேட்டான். இதற்கு மட்டும் எம்மால் உடனே பதில் சொல்ல முடிந்தது: “பெரும்பகுதி உன் வீட்டுக் கூரையிலிருந்து வந்தது, தம்பி.”

விளையாட்டாகச் சொன்னதல்ல. பூனாகலை ஓயா தியலும நீர்வீழ்ச்சியாக 220 மீற்றர் விழுந்து குடா ஓயாவில் சேர்கிறது. குடா ஓயா கிரிந்தி ஓயாவில் சேர்கிறது. எல்ல - வெல்லவாய வீதியில் எல்லோரும் நின்று படம் பிடிக்கும் இராவணா எல்ல நீர்வீழ்ச்சியின் நீரும் கிரிந்தி ஓயாவுக்கே போகிறது. ஊவா மலைகளில் பிறந்து 117 கிலோமீற்றர் ஓடித் தென்கடலைச் சேரும் அந்த ஆற்றை லுணுகம்வெஹெரவில் மறித்து, 1980களில் பெரிய நீர்த்தேக்கம் கட்டினார்கள். கிரிந்தி ஓயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் என்பது அதன் பெயர். திஸ்ஸமகாராமப் பக்கத்துப் பழைய குளங்களின் வயல்களோடு, புதிதாகக் காடு வெட்டி, குடியேற்றவாசிகளுக்கு வயல்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்த அளவு நீர் ஆற்றில் வரவில்லை. புதிய பகுதிக்கு வந்த குடும்பங்கள் பல வருடங்களில் இரண்டு போகம் செய்ய முடியாமல் தவித்தன. ஆனால் அதே நேரத்தில், வலது கரை வயல்கள் சிலவற்றிலிருந்து வடிந்த கழிவு நீர் எம்பிலிகல களப்புக்குள்ளும், அங்கிருந்து வாய்க்கால் வழியாக மலால களப்புக்குள்ளும் ஓடத் தொடங்கியது. வயல்காரனுக்கு நீர் போதவில்லை, களப்புக்கோ வேண்டாத நீர் வந்து சேர்ந்தது. கடதாசியில் போட்ட திட்டங்களில் இப்படி நடப்பது புதிதல்ல.

களப்புக்கு நல்ல நீர் வந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அந்தக் களப்புகள் உவர் நீருக்குப் பழகியவை. கடல் நீரில் 1 லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல் வாய் மூடியும் திறந்தும், வெயிலில் வற்றியும், மழையில் நிறைந்தும் அந்த உப்பின் அளவு காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்திற்கு ஏற்ற புழுக்களும் இறால்களும் அங்கே வாழ்ந்தன. வயல் வடிநீர் வருடம் முழுவதும் வந்தபோது உப்பு குறைந்தது, நீர்மட்டம் உயர்ந்தது, உரத்தின் சத்தும் கூட வந்தது. ஓரங்களில் சம்பு அடர்ந்தது. இறால் பிடித்து வாழ்ந்த குடும்பங்களுக்கு வருமானம் விழுந்தது. நீர் ஏறித் தாழ்நிலங்களை மூடும்போது மணல் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவதும் வழக்கமாயிற்று. கொழும்பிலிருந்த பன்னாட்டு நீர்ப்பாசன முகாமை நிறுவனம் 1990களில் இந்தப் பிரச்சினையை நேரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறது.

பறவைகள் என்ன செய்தன? ஓரத்துச் சேற்றுப் பட்டி நீரில் மூழ்கியபோது சின்னக் கால்கள் இடம் மாறின. சம்பு வளர்ந்த கரையை உள்ளான்கள் விட்டுவிட்டன. நன்னீர்ப் பறவைகள் சில கூடின. எல்லோரும் பேசுவது பூநாரையைப் பற்றித்தான். கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நுண்ணிய உயிர்களை வடிகட்டித் தின்னும் பறவை அது. மீன்கள் அதிகம் இல்லாத உவர் நீரே அதற்கு வசதி, ஏனென்றால் அங்கே அந்த நுண்ணுயிர்களைத் தின்னப் போட்டியில்லை. ஒரு காலத்தில் புந்தல என்றாலே பூநாரை என்பார்கள். கூட்டம் கூட்டமாக வந்து நின்ற அந்தப் பறவைகளைப் பின்னாளில் அங்கே காண்பது அரிதாயிற்று. இன்று இலங்கையில் பூநாரைக் கூட்டம் பார்க்க வேண்டுமானால் மன்னாருக்கோ யாழ்ப்பாணக் களப்புகளுக்கோ போக வேண்டும்.

இத்தனைக்கும் புந்தல காவல் இல்லாத இடமல்ல. 1969இல் சரணாலயம். 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலம், அதாவது உலக நாடுகள் சேர்ந்து பேணுவதாக ஒப்புக்கொண்ட ஈரநிலங்களில் ஒன்று. 1993இல் தேசியப் பூங்கா. எல்லைக் கல் நட்டார்கள், வேட்டையைத் தடுத்தார்கள். ஆனால் எல்லைக் கல்லுக்கு வெளியேயிருந்து வரும் நீரின் அங்குலக் கணக்கை எந்தக் கல்லும் தடுக்கவில்லை. உவர் மண்ணைச் சரிப்படுத்த என்று 1950களில் கொண்டுவந்து நட்ட ஒரு முள்மரமும் இப்போது அந்தப் பூங்காவில் பெருகித் திறந்த வெளிகளை மூடிக்கொண்டு வருகிறது. அதைச் சிங்களத்தில் கலப்பு அந்தர என்பார்கள்.

சின்ன உள்ளானை நினைத்துப் பாருங்கள். அதன் நிறை ஏறத்தாழ 25 கிராம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, புரட்டாதி மாதமளவில் இங்கே வருகிறது. சித்திரைக்குள் திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். அதற்கு வேண்டிய ஓர் அங்குலச் சேறு மாசியில் இல்லாவிட்டால், பங்குனியில் கிடைத்துப் பயனில்லை.

இப்போது இன்னொரு நீரும் அந்த ஆற்றில் சேர்கிறது. வெலிமடைப் பக்கத்து உமா ஓயா இயற்கையாக மகாவலி கங்கைக்குப் போவது. அதன் நீரின் ஒரு பகுதியை மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் திருப்பி, 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயாப் பக்கம் விடும் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அந்தச் சுரங்கம் வெட்டும்போது 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்ததும், பண்டாரவளைச் சுற்றுப்புறக் கிணறுகள் வற்றியதும், வீடுகள் வெடித்ததும் உங்களில் சிலருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரண்ட மொனராகலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் நீர் போவது நல்ல காரியம். அங்கே இருப்பவர்களும் விவசாயக் குடும்பங்கள்தான், நீருக்காக முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள். ஆனால் அது வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டங்களின் மண்ணையும் உரத்தையும் தாண்டி வரும் நீர். வயலுக்குப் போய், வயலிலிருந்து வடிந்து, கடைசியில் அது எங்கே தங்கும் என்று 1980களில் கேட்கப்படாத கேள்வியை இந்த முறையாவது கேட்க வேண்டும். களப்பின் நீர்மட்டத்தை மாதாமாதம் ஓர் அளவுகோல் வைத்துப் பார்க்கப் பெரிய செலவு இல்லை.

எமது வயல்

இத்தனை தூரம் போய்ப் பார்த்ததை வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம் என்பது திரும்பிய பிறகுதான் எமக்கு உறைத்தது. பதுளு ஓயாக் கரையில், ஹாலிஎலப் பக்கத்தில், மஹியங்கனைச் சமவெளியில் வயல் உழும் நாளில் போய் நின்று பாருங்கள். உழவு இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வெள்ளைக் கொக்குகள் பின்னால் வந்துவிடும். கலப்பை புரட்டிய மண்ணில் புழு, பூச்சி, சிறு தவளை, நண்டு எல்லாம் மேலே வருகின்றன. நீரும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் இல்லை. நாற்று வேர் பிடித்துப் பயிர் உயரும் வரை மடையான்கள் வரப்பில் நிற்கும். பயிர் அடர்ந்து நீரை மறைத்ததும் போய்விடும். அறுவடைக்குப் பின் தாளடியில் நீர் நின்றால் திரும்பி வரும். ஒரே வயல் ஒரு போகத்துக்குள் பறவைக்கு மூன்று நாலு வேறு வயல்களாக மாறுகிறது. மடையில் காவல் நிற்பதனால்தான் மடையான் என்று பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெயர்க் காரணம் எப்படியோ, நிற்கும் இடம் சரிதான். மடைவாயில் நீர் மெல்ல ஓடும், சிறு மீன் ஏறிவரும்.

குத்தகைக்கு வயல் செய்யும் ஒருவர் எம்மிடம் சொன்னார்: “கொக்கு நாத்தை மிதிக்குதுங்க சாமி, வெரட்டி வெரட்டிக் கை ஓஞ்சு போச்சு.” உண்மை. நாற்று மேடையில் இறங்கினால் கொஞ்சம் சேதம் உண்டு. அங்கே நூல் கட்டலாம், பிள்ளைகளைக் காவல் வைக்கலாம். ஆனால் வரப்பைத் துளைக்கும் நண்டையும், பயிரைக் கடிக்கும் புழுவையும் காசு வாங்காமல் பொறுக்குவதும் அதே கொக்குத்தான். உழுத அன்றும் நட்ட மறுநாளும் மருந்தடித்தால் பறவைக்கு வந்த இரையும் சாகும், நஞ்சு தின்ற இரையைத் தின்ற பறவையும் கெடும். புழு கண்ணில் பட்ட பின் அடிக்க வேண்டிய மருந்தைப் பயத்தில் முன்கூட்டியே அடிப்பது எமது பழக்கமாகிவிட்டது. கடைக்காரரும் அதைத்தான் சொல்லித் தருகிறார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நெல் விளையும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அங்கே இருந்த பழைய சதுப்பு நிலங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அறுவடைக்குப் பின் வைக்கோலை எரிக்கும் வழக்கத்தை 1991இல் வந்த சட்டம் படிப்படியாகக் குறைத்தது. எரிக்க முடியாத விவசாயிகள் வயலில் நீர் கட்டி வைக்கோலை மக்க வைத்தார்கள், பறவைகள் வந்து குவிந்தன. 2014 முதல் ஓர் அமைப்பு இன்னும் ஒரு படி போனது. உள்ளான் கூட்டம் கடந்துபோகும் சில வாரங்களுக்கு மட்டும் வயலில் சில அங்குலம் நீரை நிறுத்தி வைக்கும் விவசாயிக்கு அது வாடகை கொடுக்கிறது. எவ்வளவு தொகைக்குச் செய்வேன் என்று விவசாயிதான் விலை கூறுகிறார். நிலத்தை வாங்கி வேலி போட்டு விவசாயியை வெளியேற்றவில்லை என்பதே எமக்குப் பிடித்த பகுதி. பறவைக்கு வேண்டியது சில வாரம், சில அங்குலம். அதை விவசாயியால் கொடுக்க முடிகிறது. எமது நாட்டில் அப்படி வாடகை கொடுக்க இன்று ஆளில்லை. ஆனாலும் அறுவடை முடிந்த வயலில் மழைநீரை உடனே வடித்துவிடாமல் பத்து நாள் கட்டி வைக்கச் செலவு ஒன்றும் இல்லை. தாளும் மக்கும்.

உள்ளான் இறங்கிய ஈரம்

இனி, எமது குடியிருப்பு ஒன்றில் நடந்துகொண்டிருக்கும் ஒரு விவகாரம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பாவனையற்ற தேயிலைத் தொழிற்சாலையிலும் ஒண்டிக் கிடந்த காலம் எமக்கு மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை பதுளை மாவட்டத்து மலைகளை மறுபடியும் பல இடங்களில் சரித்தது. ஆகையினால் “இந்த இடத்தில் வீடு கட்டலாமா” என்ற கேள்வி எமது மக்களிடையே வெறும் பேச்சாக இருப்பதில்லை.

நாம் சொல்லவந்த குடியிருப்பில், வீட்டு வரிசைக்குக் கீழே கால் ஏக்கருக்குக் குறைவான ஒரு சதுப்பு இருக்கிறது. கோரைப் புல், சேம்பு, நடுவில் சேறு. மண் நிரப்பி அதை விளையாட்டு மைதானமாக்க வேண்டும் என்பது இளைஞர்களின் ஆசை. அவர்கள் கேட்பதில் பிழையில்லை, பந்து அடிக்க அவர்களுக்கு வேறு சமதரை இல்லை. இன்னும் இரண்டு குடும்பங்கள், பிள்ளைகள் கல்யாணம் முடித்ததால், அந்த ஓரத்தில் ஆளுக்கு ஓர் அறை கட்டக் கேட்டிருக்கின்றன.

புந்தலவிலிருந்து வந்த அடுத்த வாரம், களப்புக் கரையில் எம்மிடம் கேள்வி கேட்ட அதே அம்மா சங்கக் கூட்டத்தில் எழும்பினார். அந்தச் சதுப்பில் ஐப்பசி முதல் பங்குனி வரை நீண்ட மூக்குக் குருவி ஒன்று வருகிறதென்றும், கிட்டப் போனால் கீச்சிட்டுக்கொண்டு கோணல் மாணலாகப் பறக்கிறதென்றும் சொன்னார். அது கோரையுள்ளான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து எமது மலைநாட்டுச் சதுப்புகளிலும் இறங்கும் பறவை. வெள்ளைக்காரத் துரைமார் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு இதன் பின்னால் அலைந்தார்கள். மெதுவான மண்ணில்தான் அதன் அலகு இறங்கும் என்று மேலே சொன்னோம். தை மாதத்திலும் மாசியிலும் மழை குறைந்த பின்னும் அது அங்கேயே நிற்கிறதென்றால், அந்த மண் மேலே காய்ந்து தோன்றினாலும் உள்ளே நனைந்தே இருக்கிறது என்று பொருள். மலையிலிருந்து இறங்கும் ஊற்று அதன் அடியில் ஓடுகிறது.

அந்த ஊற்றின் வாயை மண்ணால் அடைத்தால் நீர் எங்கே போகும்? பின்னுக்கு ஏறி, மேலே உள்ள வீடுகளின் அத்திவாரத்துக்குள் தேங்கும். மண்சரிவுக்கு முன் தெரியும் அறிகுறிகளாக அதிகாரிகள் சொல்லித் தருபவற்றை நினைவுபடுத்துகிறோம்: இதுவரை இல்லாத இடத்தில் திடீரென ஊற்று கிளம்புவது, ஓடிய ஊற்று திடீரென நிற்பது, தெளிந்த நீர் சேறாக வருவது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது. கானை வெட்டிச் சுத்தமாக வைப்பதும், நீர் போகும் வழியை மறிக்காமல் இருப்பதும் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்த பாடம். பழைய கணக்கப்பிள்ளைமார் வேறு எதை விட்டாலும் கான் வெட்டை விடமாட்டார்கள்.

உள்ளான் இறங்குகிறது என்பதற்காக மண் பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பறவை பொறியியலாளர் அல்ல. அது வராத இடமெல்லாம் உறுதியான நிலம் என்றும் அர்த்தமில்லை. சதுப்பை நிரப்ப முன்னும், ஓரத்தில் அறை கட்ட முன்னும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்குப் பிரதேச செயலாளர் மூலம் எழுதி, இடத்தை வந்து பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதும் கடிதத்தில் அந்த அம்மா சொன்னதையும் ஒரு வரி சேர்க்கும்படி சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அங்கே ஈரம் நிற்கிறது, எந்தப் பக்கத்தில் பறவை இறங்குகிறது என்று. வந்து அரை மணி நேரம் நிற்கும் அதிகாரிக்கு, பல வருடம் பார்த்தவரின் சாட்சி உதவும்.

இளைஞர்களுக்கு மைதானம் தேடும் பொறுப்பு எமக்கும் உண்டு. தோட்ட நிர்வாகத்திடம் பழைய நாற்று மேடை இருந்த சமதரையைக் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் நாலுபேர் ஒரு மூங்கில் கம்பில் அங்குலக் கோடு கீறிச் சதுப்பின் நடுவில் நட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீரின் அளவையும், எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்கள். சென்ற வாரக் குறிப்பில் இப்படி இருந்தது: “தண்ணி 2 அங்குலம். உள்ளான் 3. மடையான் 1. நாய் வந்தது, எல்லாம் பறந்தது.”